ஜெர்மனியில் முதல் மூன்று மாதம்: கடை, சமையல், குப்பை, கடிதம் – முழு வழிகாட்டி

டார்ட்மண்டில் நான் வந்து இறங்கியது மே மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை இரவு. பெட்டியில் பருப்புப்பொடி இருந்தது, புளிக்காய்ச்சல் இருந்தது, அரிசி இல்லை. "அரிசி கிடைக்காத ஊரா, போன இடத்துல வாங்கிக்கோ" என்று அம்மா சொல்லியிருந்தார். மறுநாள் ஞாயிறு, கடைகள் எல்லாம் பூட்டு. சரி, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமையும் பூட்டு. அன்று பெந்தெகொஸ்தே திங்கள், அரசு விடுமுறை. இரண்டு நாளும் புளிக்காய்ச்சலை ரொட்டியில் தடவித்தான் சாப்பிட்டேன். அந்த ரொட்டியும் ரயில் நிலையத்துக் கடையில் ஒன்றுக்கு இரண்டாகக் காசு கொடுத்து வாங்கியது.

நம் ஊரில் கடுகு தீர்ந்தால் அடுப்பை அணைக்காமலே தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்பலாம். இங்கே எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்பதைவிட, எப்போது கிடைக்காது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ளவை நான் செய்து, தப்பாகச் செய்து, திருத்திக்கொண்ட வரிசையில் இருக்கின்றன. நான் இருப்பது நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில். சில விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

படி 1: பெட்டி கட்டும்போது

கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வரும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சைக் காய், பழம், இலை எதைக் கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்குத்தான்: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன். இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது. கருவாடு பரவாயில்லை, பால்கோவாதான் தப்பு என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சட்டம் அப்படித்தான். பொடிகள், வடாம், அப்பளம், ஊறுகாய் தாராளமாகக் கொண்டு வரலாம்.

மிக்ஸி கொண்டு வாருங்கள். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. நம் மூன்று முள் பிளக் மட்டும் இங்கே சேராது. விமான நிலையத்தில் விற்கும் பயண அடாப்டரில் மிக்ஸியை ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்து ஜெர்மன் பிளக்காகவே மாற்றிவிடுங்கள். அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தளம் போட்ட மின் அடுப்பு. அடி உருண்ட வாணலி அதில் ஆடும், சூடும் ஏறாது. அடி தட்டையான குக்கர், தோசைக்கல் பார்த்து வாங்குங்கள். குக்கருக்கு இரண்டு கேஸ்கட் கூடுதலாக வையுங்கள்.

படி 2: எந்தக் கிழமை வந்து சேர்வது

முடிந்தால் செவ்வாய் அல்லது புதன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இங்கே வெறும் பழக்கம் இல்லை. 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் எழுதப்பட்ட ஒரு விதியை இன்றைய அரசியலமைப்பும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஞாயிறன்று கடை திறப்பது முதலாளியின் விருப்பம் இல்லை. பெரிய ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்குகள், காலையில் சில மணி நேரம் பேக்கரிகள், இவ்வளவுதான். மற்ற நாட்களில் எங்கள் ஊரில் இரவு ஒன்பது, பத்து வரை திறந்திருக்கும். பவேரியாவில் எட்டு மணிக்கு முடிந்துவிடும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போய்ப் பாருங்கள், ஊரடங்கு அறிவித்ததுபோல் கூட்டம் இருக்கும். நான் இப்போது வெள்ளிக்கிழமை இரவே முடித்துவிடுகிறேன்.

படி 3: தபால் பெட்டியில் பெயர்

கடை கண்ணியை விட முக்கியமான படி இதுதான். ஜெர்மன் முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர், அத்தோடு சரி. பன்னிரண்டு குடும்பம் இருக்கும் கட்டடத்தில் தபால்காரர் உங்களைக் கண்டுபிடிப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துத்தான். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். என் வங்கி அட்டை வந்தது. ரகசிய எண் தனிக் கடிதமாக இரண்டு நாள் கழித்து வர வேண்டியது, வரவில்லை. இடையில் மழை பெய்து, நான் காகிதத்தில் எழுதி ஒட்டிய பெயர் அழிந்திருந்தது. மறுபடி விண்ணப்பித்து வாங்கப் பதினைந்து நாள் ஆனது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டுங்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். நாலைந்து மாதத்தில் "ஹெர் முருகேசன்", அதாவது திரு. முருகேசன், என்று கூப்பிட்டால் அப்பாவைத் தேடாமல் நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள். வாடகைக்கு எடுத்தவரிடம் உள்வாடகைக்கு இருந்தால், பெட்டியில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவது. இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அதன் ஜெர்மன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும், "வீட்டுக்காரர் உறுதிப் படிவம்" என்பது அதன் பொருள். அலுவலகத்தில் முன்பதிவு கிடைக்கத் தாமதமாகலாம், ஆகவே இந்தியாவில் இருக்கும்போதே இணையத்தில் நேரம் குறித்துவிடுங்கள். பதிந்த சில வாரத்தில் வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் முதல் சம்பளத்தில் வரி கன்னாபின்னாவென்று பிடிப்பார்கள். பிறகு திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த மாதம் திண்டாட்டம்.

நேரம் குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. "ஹால்ப் ஆஹ்ட்" என்றால் "எட்டில் பாதி", அதாவது ஏழரை. எட்டரை என்று நினைத்துப் போய் ஒரு மருத்துவர் சந்திப்பைத் தவறவிட்டவள் சொல்கிறேன்.

இன்னொரு கடிதமும் வரும்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. "என்னிடம் டிவியே இல்லையே" என்று நான் அதைக் குப்பையில் போட்டேன். டிவி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, வீட்டுக்கு ஒரு கட்டணம். நான்கு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய கணக்கு எண்ணைச் சொல்லி விலகிக்கொள்ளலாம்.

படி 4: முதல் கடை

ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ ஆகியவை மலிவு விலைக் கடைகள். ரகம் குறைவு, விலையும் குறைவு. ரேவெ, எடேகா, காஃப்லாண்ட் பெரிய கடைகள், ரகம் அதிகம். சோப்பு, ஷாம்பு, குழந்தைக்கான டயப்பர் போன்றவற்றுக்கு டேஎம், ரோஸ்மன். புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கப் பார்ப்பார்கள். இங்கே குடும்பம் நடத்துபவர்கள் மூன்று கடைக்குப் போவார்கள்.

தள்ளுவண்டி எடுக்க ஒரு யூரோ அல்லது ஐம்பது சென்ட் நாணயம் வேண்டும், திருப்பிப் பூட்டினால் நாணயம் வெளியே வரும். சாவிக்கொத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை மாட்டிக்கொள்ளுங்கள். பை கொண்டு போங்கள். விலையில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும்: 1,99 என்றால் இரண்டு யூரோவுக்கு ஒரு சென்ட் குறைவு. 1.299 என்று மின்சாதனக் கடையில் எழுதியிருந்தால் அது ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது, ஏமாந்துவிடாதீர்கள். வரி விலைக்குள்ளேயே இருக்கிறது, பில்லில் தனியாக ஏறாது. பெரிய எழுத்து விலைக்குக் கீழே கிலோவுக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்துப் பழகுங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது இல்லை.

காய்கறியைச் சில கடைகளில் கல்லாவில் எடை போடுவார்கள், சில கடைகளில் நாமே தராசில் வைத்து, எண்ணை அழுத்தி, ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தெரியாமல் இரண்டு கிலோ வெங்காயத்தோடு வரிசையின் தலைக்கு வந்து, எனக்குப் பின்னால் ஏழு பேர் நிற்க, தராசைத் தேடி ஓடியிருக்கிறேன். தராசு கண்ணில் பட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

கல்லாவில் வேகம் பயங்கரமாக இருக்கும். பொருளைப் பைக்குள் அடுக்கப் பார்க்காதீர்கள், முடியாது. எல்லாவற்றையும் அப்படியே வண்டிக்குள் தள்ளிவிட்டு, காசு கொடுத்து, சன்னலோரம் இருக்கும் பலகையில் வைத்து நிதானமாக அடுக்குங்கள். கனமானதை முதலில் கல்லாவின் நகரும் பட்டையில் வையுங்கள், தக்காளியைக் கடைசியில். பின்னால் நிற்பவர் சாமானுக்கும் உங்கள் சாமானுக்கும் நடுவே கட்டையை வைக்க மறக்காதீர்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

படி 5: பாக்கெட்டைப் படிப்பது

கொத்தமல்லி என்று நினைத்து நான் முதலில் வாங்கியது பெட்டர்ஸீலியெ, அதாவது பார்ஸ்லி. பார்க்க அச்சு அசல் கொத்தமல்லி. ரசத்தில் போட்டால் புல் வாசம். கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். "கோரியாண்டர்" என்று எழுதியிருக்க வேண்டும்.

ரவை இரண்டு வகை. வைஷ்வைட்ஸன் கிரீஸ் மென்மையான கோதுமையில் செய்தது, குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்க. அதில் உப்புமா கிண்டினால் களி வரும். ஹார்ட்வைட்ஸன் கிரீஸ் வாங்குங்கள், உப்புமா உதிரியாக வரும். மாவில் எண் போட்டிருக்கும்: 405, 550, 1050. நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதே அந்த எண். எண் ஏற ஏறத் தவிடு கூடும். 405 நம் மைதா, பரோட்டாவுக்கு ஆகும். சப்பாத்திக்கு இந்தியக் கடை ஆட்டாதான்.

பாலில் குளிர்பெட்டியில் இருப்பது ஒன்று, வெளியே அலமாரியில் அடுக்கியிருக்கும் ஹா-மில்ஷ் இன்னொன்று. இரண்டாவது பல வாரம் தாங்கும், ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு எப்போதும் இரண்டு லிட்டர் இருப்பு வையுங்கள். தயிர் உறை ஊற்ற 3.5 சதவீதக் கொழுப்புள்ள சாதா யோகர்ட் ஒரு கரண்டி போதும். மோர்க்குழம்புக்குக் கடையில் விற்கும் புட்டர்மில்ஷ் அருமையாக இருக்கிறது, வீட்டு மோரே தோற்கும். நெய் கிடைக்காவிட்டால் புட்டர்ஷ்மால்ட்ஸ், அதுவும் உருக்கிய வெண்ணெய்தான். சைவக்காரர்கள் மிட்டாயிலும் சில தயிர் வகைகளிலும் "கெலட்டீனெ", அதாவது விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியிலும் இரண்டு வகை. பெரும்பாலான பாக்கெட்டில் இருப்பது "குறைந்தது இதுவரை நன்றாக இருக்கும்" என்ற தேதி. அது தாண்டினால் முகர்ந்து பார்த்துச் சாப்பிடலாம். அரைத்த இறைச்சி போன்றவற்றில் இருக்கும் "இதற்குள் சாப்பிட்டுவிடு" என்ற தேதி வேறு, அதைத் தாண்டக் கூடாது.

படி 6: தமிழ்க் கடை

இங்கே தமிழ்க் கடை என்றால் பெரும்பாலும் ஈழத் தமிழர் கடை. 1980-களில் போருக்குத் தப்பி வந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் நடத்துவது. டார்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் வரும் ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில் அவர்கள் எழுப்பியதுதான். கோடை தொடங்கும்போது தேர் ஓடும் நாளில், ஜெர்மன் தொழிற்சாலைகளுக்கு நடுவே காவடியும் தீச்சட்டியும் போகும்.

முதல் முறை போனபோது கடைக்கார அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணா, கறிவேப்பிலை இருக்கா?"

"முடிஞ்சுது தங்கச்சி. வியாழன் பின்னேரம் வாங்கோ. பிளேன்ல மரக்கறி வரும்."

பின்னேரம் என்றால் எப்போது என்று எனக்குத் தெரியவில்லை, மரக்கறி என்றதும் நான் இறைச்சியென்று நினைத்தேன். பின்னேரம் என்பது மாலை. மரக்கறி என்பது காய்கறி. சீனி சர்க்கரை, பாண் ரொட்டி. "பருப்பு" என்று மட்டும் கேட்டால் மைசூர்ப் பருப்பு கைக்கு வரும், சாம்பாருக்கு "துவரம்பருப்பு" என்று முழுசாகச் சொல்லுங்கள். அவர்களுடைய கறித்தூள் வறுத்து அரைத்தது, நம் குழம்புப் பொடி போல் இருக்காது, ஆனால் ஆட்டிறைச்சிக்கு நான் இப்போது அதைத்தான் போடுகிறேன்.

முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைப்பூ எல்லாம் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த மறுநாள் போனால் காம்புதான் மிஞ்சும். கறிவேப்பிலையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, உருவி, டப்பாவில் போட்டு உறைய வைத்தால் மாதக்கணக்கில் வரும். இட்லி அரிசி, உளுந்து, பொன்னி பத்துக் கிலோவாக வாங்குங்கள். இந்தக் கடைக்குப் போகும் வழியில் துருக்கிக் கடை இருந்தால் கொத்தமல்லிக் கட்டு, வெண்டைக்காய், கத்திரிக்காய், வாளித் தயிர் அங்கே மலிவு.

படி 7: காலிப் புட்டியும் காசும்

நம் ஊர்த் தண்ணீர்ப் புட்டியில் "குடித்ததும் நசுக்கிவிடவும்" என்று அச்சடித்திருக்கும். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாக நானும் இங்கே ஒரு மாதம் ஒவ்வொரு புட்டியையும் மிதித்து நசுக்கிப் போட்டேன். பக்கத்து வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஒரு முறை பயன்படும் பிளாஸ்டிக் பானப் புட்டிக்கும் பான டின்னுக்கும் நாம் 25 சென்ட் முன்பணம் கொடுத்திருக்கிறோம், இதற்கு ஃபான்ட் என்று பெயர். கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதே கடைக் கல்லாவில் கொடுத்தால் பணம். நசுங்கிய புட்டியை இயந்திரம் துப்பிவிடும், பட்டைக்குறியைப் படிக்க முடியாது அல்லவா. திரும்பத் திரும்ப நிரப்பும் புட்டிகளுக்கு முன்பணம் குறைவு: பியர் கண்ணாடிப் புட்டிக்குப் பொதுவாக 8 சென்ட், பல தண்ணீர்ப் புட்டிகளுக்கு 15.

இதைவிடச் சுலபம், குழாய்த் தண்ணீரையே குடிப்பது. தாராளமாகக் குடிக்கலாம். பல ஊர்களில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில் வெள்ளையாகப் படியும். சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து ஊற வைத்தால் போய்விடும்.

படி 8: குப்பையும் சத்தமும்

காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறையும் முன்பணம் இல்லாத டின்னும் ஒன்று, காய்கறித் தோல் ஒன்று, மிச்சமெல்லாம் ஒன்று. நிறம் ஊருக்கு ஊர் மாறலாம், கட்டடத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஊறுகாய்ப் பாட்டிலைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் நிறம் பார்த்துப் போட வேண்டும்: வெள்ளை, பச்சை, பழுப்பு. நீலக் கண்ணாடி பச்சையோடு போகும். ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்கும்.

சத்தம் இங்கே பெரிய விஷயம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி. ஒருநாள் பத்தே கால் மணிக்குச் சட்னி அரைத்தேன். கதவைத் தட்டிய கீழ்வீட்டுக்காரர் திட்டவில்லை, "துளை போடுகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் நான்கு தோசை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து என் பார்சல்களை அவர்தான் வாங்கி வைக்கிறார். இங்கே வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பார்சலை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் பெட்டியில் சீட்டுப் போடுவது வழக்கம்.

படி 9: மருந்து, பயணம், திருப்பிக் கொடுத்தல்

பாராசிட்டமால் கூட அப்போட்டேக்கே என்ற மருந்தகத்தில்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் தேடாதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் 500 மில்லிகிராம் மாத்திரை இருபது கொண்ட பெட்டி வரை. உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவில் காய்ச்சல், அவ்வளவு அவசரம் இல்லை என்றால் 116117.

நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023-இல் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. அதிவேக ரயில்களில் செல்லாது. சந்தாவாகத்தான் கிடைக்கும், ரத்து செய்ய வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

இணையத்தில் வாங்கியதைப் பெரும்பாலும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை, கடைக்காரர் மனம் வைத்தால் உண்டு. பழுது இருந்தால் இரண்டு ஆண்டு வரை விற்றவர் பொறுப்பு, ஆகவே பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். வெப்பத் தாளில் அச்சிட்டது ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும்.

படி 10: முதல் குளிர்காலத்துக்கு முன்

வீட்டுக்குள் ஈரம் தங்கினால் சுவரில் பூஞ்சை வரும், வீட்டுக்காரர் வாடகை முன்பணத்தில் கை வைப்பார். நம் சமையலில் ஆவி அதிகம். தினமும் இரண்டு மூன்று முறை சன்னல்களை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். நாள் முழுக்கச் சன்னலைச் சாய்த்து வைப்பதால் சுவர்தான் குளிரும். வெப்பக் குழாயின் திருகில் 3 என்பது சுமார் 20 பாகை. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, வருடக் கடைசிக் கணக்கில் மட்டும் சூடு தெரியும்.

இட்லி மாவு டிசம்பரில் பொங்காது என்று பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால் காலையில் பொங்கியிருக்கும். அடியில் ஒரு தட்டு வையுங்கள். நான் வைக்காமல், ஓவனின் கம்பிக்குக் கம்பி மாவு சுரண்டியிருக்கிறேன்.

கடைசியாகக் காலண்டர். டிசம்பர் 24 மதியம் இரண்டு மணியோடு கடைகள் மூடிவிடும், 25-ம் 26-ம் விடுமுறை. 2026-இல் 25 வெள்ளிக்கிழமை, 26 சனி, அடுத்த நாள் ஞாயிறு. மூன்று முழு நாள் பூட்டு. உளுந்தை 23-ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.